வேன்தான் வீடு, வேன்தான் அலுவலகம்: நண்பர்களுடன் மலேசியாவைச் சுற்றிக்கொண்டே வேலை பார்க்க முடியுமா?

காலை மணி 9.25. கேமரன் மலையில் ஒரு முகாம் திடல். வேனுக்குள் நான்கு பேர், நான்கு மடிக்கணினிகள். வெளியே மூடுபனி விலகி, தேயிலைச் செடிகள் தெரியத் தொடங்கியிருந்தன. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

"யாருக்காச்சும் லைன் வருதா?"

அப்போதைக்கு எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான்.

எங்களில் ஒருத்தி வடிவமைப்பாளர். ஒப்பந்த வேலை. 9.30 மணிக் கூட்டத்தில் அவள் பேச ஆரம்பித்ததும் திரை உறைந்துபோனது. நான்கு நிமிடம் கழித்து இணைப்பு திரும்பியபோது மேலாளர் வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நீ இப்போ எங்கே இருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அலுவலகத்தில் சொல்லாமல் வந்திருந்தாள். எங்களுக்கே அது அப்போதுதான் தெரியும்.

கதவைத் திறந்தால் கடல், மடியில் கணினி, கையில் காப்பி. கேம்பர்வேன் காணொளிகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். சென்ற ஜூலையில் நாங்கள் நால்வர் 9 நாள் அப்படி ஒரு பயணம் போனோம். ஜொகூர் பாருவில் வேன் எடுத்து, ஈப்போ, கேமரன் மலை, கெரிக், கோத்தா பாரு, கோலத் திரெங்கானு, குவாந்தான் என்று சுற்றி, மறுபடி ஜொகூர் பாரு. ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். காணொளிகளில் வராத சில விஷயங்களை வழியில் கற்றுக்கொண்டோம். போக நினைப்பவர்களுக்காக அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் அலுவலகம், அப்புறம்தான் வேன்

சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டு நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர்கள் முறைப்படி விண்ணப்பிக்கலாம். வேலை நேரத்தை மாற்றிக் கேட்கலாம். வேலை செய்யும் இடத்தையும் மாற்றிக் கேட்கலாம். நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தரவேண்டும். மறுப்பதென்றால் வேலை சார்ந்த நியாயமான காரணம் வேண்டும்.

பலர் இதைக் கொஞ்சம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நெறிமுறை சொல்வது எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்பதைத்தான். கேட்டால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. அந்த 2 மாதத்தையும் கவனியுங்கள். ஜூலையில் பயணம் என்றால் ஏப்ரல் கடைசியிலேயே கேட்டுவிட வேண்டும். போன வாரம் முடிவெடுத்து அடுத்த வாரம் கிளம்புவது இதற்குச் சரிப்படாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "எனக்குத்தான் வாரத்துக்கு 3 நாள் வீட்டிலிருந்து வேலை இருக்கே, வீடு எங்க இருந்தா என்ன?" என்று எங்கள் தோழி நினைத்துக்கொண்டாள். அங்கேதான் பிசகியது. ஈசூனில் உட்கார்ந்து வேலை செய்வதும் ஈப்போவில் உட்கார்ந்து வேலை செய்வதும் உங்களுக்கு ஒன்றாக இருக்கலாம். நிறுவனத்துக்கு அது வேறு நாடு.

ஏன்? முதல் காரணம் தகவல். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் தன்னிடம் உள்ள தனிநபர் விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கும் அதற்கு இணையான பாதுகாப்பு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அதனால் வங்கி, மருத்துவம், அரசாங்கத் திட்டங்கள் போன்றவற்றில் வேலை செய்வோரை வெளிநாட்டிலிருந்து கோப்புகளைத் திறக்க விடாத நிறுவனங்கள் உண்டு. விபிஎன் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எந்த நாட்டிலிருந்து உள்ளே நுழைகிறீர்கள் என்பதை நிறுவனத்தின் கணினிப் பிரிவு பார்க்க முடியும்.

இரண்டாவது காப்புறுதி. வேலை நேரத்தில், நிறுவனம் அறியாத ஓர் இடத்தில் உங்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? இதைக் கிளம்புவதற்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் கேட்டுவிடுவது நல்லது. அடிபட்ட பிறகு கேட்க முடியாது.

மூன்றாவது வரி. ஒரு வாரப் பயணத்துக்கு இது பெரிய தலைவலி இல்லை. மலேசியாவில் வசிக்காத ஒருவர் ஒரு நாள்காட்டி ஆண்டில் அங்கே 60 நாளுக்கு மேற்போகாமல் வேலை செய்தால் அந்த வேலை வருமானத்துக்கு அங்கு வரிவிலக்கு உண்டு. மாதக்கணக்கில் வேனிலேயே வாழப் போகிறேன் என்பவர்கள் நாள்களை எண்ணிக் குறித்துவைப்பது அவசியம்.

கேட்கும்போது சுருக்கமாகக் கேளுங்கள், ஆனால் முழுசாகக் கேளுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாடு, எந்த நேரம் கணினி முன்னால் இருப்பீர்கள், இணைப்பு போனால் யார் உங்களுக்குப் பதில் பார்ப்பார், எந்தக் கோப்புகளைத் திறக்கப் போவதில்லை. என் மேலாளர் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்டார். நான் செய்தித் தயாரிப்பில் இருக்கிறேன். எங்கள் வேலையில் 9.30 மணி என்றால் 9.30 மணிதான். எனக்கு 5 நாள் கிடைத்தது. மற்ற நாள்கள் விடுப்பு, வாரயிறுதி.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம் என்பது பெரிய வசதி. லண்டன் வாடிக்கையாளருக்காக இரவு 11 மணிக்கு வேனுக்குள் குசுகுசுவென்று பேச வேண்டியிருக்காது.

எந்த அனுமதியில் உள்ளே போகிறீர்கள்?

சிங்கப்பூர்க் குடிமக்களுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 30 நாள் வருகை அனுமதி. அதை வைத்துக்கொண்டு மலேசிய நிறுவனத்துக்கோ மலேசிய வாடிக்கையாளருக்கோ வேலை செய்யக்கூடாது. போகிற வழியில் ஒரு ஹோட்டலுக்குப் படம் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கலாம் என்று எங்களில் ஒருவன் திட்டம் போட்டான். அதை அப்போதே கைவிடச் சொன்னோம்.

நீண்ட காலம் தங்கி, வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கு மலேசியா தனி அனுமதி வைத்திருக்கிறது. டி.இ. ரந்தாவ் நாடோடி அனுமதி என்று பெயர். 2022 அக்டோபரில் தொடங்கியது. மலேசிய மின்னிலக்கப் பொருளியல் கழகம் நடத்துகிறது. 3 முதல் 12 மாதம் வரை தங்கலாம்; மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். மற்றத் துறையினருக்கு அந்த வரம்பு 60,000 டாலர். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரிங்கிட். 9 நாள் பயணத்துக்கு இது தேவையில்லை. 9 மாதம் என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டியது.

கூட்டத்தில் எல்லாரும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. எங்களுடன் வந்த ஒருவன் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. அவன் அதை நிரப்பியாக வேண்டும், அதுவும் பயணத்துக்கு முந்திய 3 நாளுக்குள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா கேட்பதில்லை, ஆனால் அட்டை கேட்கும். "மறந்துட்டேன்டா" என்று உட்லண்ட்ஸில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் நிரப்பினான். நாங்கள் மூவரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வேனை எங்கே எடுப்பது, யார் ஓட்டுவது?

ஜொகூர் பாருவிலேயே எடுங்கள். மலேசியப் பதிவு எண் கொண்ட வாகனத்தைச் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பொதுவாகச் சிங்கப்பூருக்குள் ஓட்ட அனுமதி இல்லை. அதனால் வீட்டு வாசலில் வேனை நிறுத்திச் சாமான் ஏற்றும் காட்சி நடக்காது. பேருந்தில் பையோடு போய்த்தான் ஏற வேண்டும்.

சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவில் செல்லும். ஆனால் வகுப்பைப் பாருங்கள். தானியங்கிக் கியருக்கான 3ஏ உரிமம் மட்டும் வைத்திருந்தால் கியர் மாற்றும் வேனை ஓட்டக்கூடாது. கேம்பர்வேனாக மாற்றப்பட்ட பழைய வேன்களில் கியர் மாற்றுபவை நிறைய. எங்களில் இருவரிடம் 3ஏ. ஆக, 1,800 கிலோமீட்டரையும் ஓட்டத் தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். இதை நாங்கள் கண்டுபிடித்தது, முன்பணம் கட்டிய பிறகு.

வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். "கொஞ்ச தூரம்தானே, நான் ஓட்டுறேன்" என்று வேறொருவர் உட்கார்ந்து விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடக்கூடும்.

அடுத்தது இருக்கை. "நால்வர் படுக்கலாம்" என்று விளம்பரம் சொன்னால் நால்வர் உட்காரலாம் என்று அர்த்தமில்லை. வாரப்பட்டை உள்ள இருக்கைகளை எண்ணுங்கள். மலேசியாவில் 2009 முதல் பின்னிருக்கையிலும் வாரப்பட்டை கட்டாயம். ஓடும் வேனில் பின்னால் படுத்துக்கொண்டு வருவது காணொளியில் அழகாக இருக்கும். திடீரென்று பிரேக் போட்டால் முதலில் பறப்பது அவர்தான், அடுத்தது மடிக்கணினி.

வேனின் உயரத்தை ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். உயரமான கூரை கொண்ட டொயோட்டா ஹையேஸ் ஏறத்தாழ 2.28 மீட்டர். கடைத்தொகுதி வாகன நிறுத்தங்களின் நுழைவுக் கம்பி பெரும்பாலும் அதைவிடத் தாழ்வு. ஈப்போவில் இரண்டாம் நாள் எங்கள் கூரை கீறியது அப்படித்தான். ஓட்டியது நான். தப்பு என்னுடையது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எரிபொருளுக்கும் இரண்டு வரி. 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோலின் மானிய விலையான 1.99 ரிங்கிட் மலேசியர்களுக்கு மட்டுமே. மைகார்ட் இல்லாத நாம் வாடகை வேனுக்கு மானியமற்ற விலை கொடுக்கிறோம். டீசலுக்குத் தீபகற்பத்தில் 2024 ஜூனிலேயே மானியம் நீக்கப்பட்டது. "மலேசியாவுல எண்ணெய் சும்மா கிடைக்கும்" என்ற பழைய கணக்கை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

மின்சாரம்: ஒரு சின்னக் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டிப் போனால் மாலை 3 மணிக்கு எல்லாக் கணினியும் ஒன்றாக அணையும்.

ஒரு மடிக்கணினிக்குச் சுமார் 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கணினி, 8 மணி நேரம் என்றால் 1,600 வாட்-மணி. சிறிய குளிர்பெட்டி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 400 முதல் 500 வரை குடிக்கும். கைத்தொலைபேசி, விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்தால் 2,200ஐத் தாண்டிவிடும்.

வேனில் இருப்பதோ பெரும்பாலும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் ஒன்று. முழுதாக நிரம்பியிருந்தாலும் அதில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணிதான். பழைய ஈய அமில மின்கலம் என்றால் அதில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் 700, 800 சேரும். கேமரன் மலை மூடுபனியில் அதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேன் ஓடும்போது எஞ்சின் வழியாகவும் மின்கலம் ஏறும். 30 ஆம்பியர் மின்னேற்றி இருந்தால் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 950 வாட்-மணி கிடைக்கும். எங்கள் நாள் அட்டவணையே இதை வைத்துத்தான் அமைந்தது. காலை 6 மணிக்குக் கிளம்பி 8.30 வரை ஓட்டம், சாப்பாடு, 9.15க்கு எல்லாரும் உட்கார வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் ஓட்டம் கிடையாது. இரண்டு இரவுக்கு ஒரு தடவை, மின்சாரம் தரும் முகாமில் தங்கி ஒயரைச் செருகிவிடுவோம்.

குளிரூட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு நாள் முழுக்கக் குளிரூட்டி போடுமளவுக்கு மின்கலம் உள்ள வாடகை வேனை நாங்கள் பார்க்கவில்லை. நண்பகலில் 33 பாகை வெயிலில் வேன் ஒரு இட்லிப் பானை. குவாந்தானில் நாங்கள் வேலை செய்தது பொது நூலகத்தில்.

சிக்னல் எங்கே இருக்கும், எங்கே இருக்காது?

வடக்கு தெற்கு விரைவுச்சாலை நெடுகிலும், பெரிய ஊர்களிலும் பிரச்சினை இல்லை. மலைச் சரிவும் காடும் வந்ததும் கதை மாறும். திடலின் ஒரு மூலையில் 4 கோடு, இருபது அடி தள்ளினால் ஒன்றுமில்லை. கேமரன் மலையில் நடந்தது அதுதான். முதல் நாள் இரவு இருட்டில் வந்து நிறுத்தினோம், சோதித்துப் பார்க்கவில்லை.

இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வாங்குங்கள். நால்வரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பதும் ஒருவர் வைத்திருப்பதும் ஒன்றுதான். காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு மணிக்கு 1 முதல் 2 ஜிபி வரை போகும். நால்வர், நாளுக்கு இரண்டு கூட்டம் என்றால் பெருக்கிப் பாருங்கள். சிங்கப்பூர் சிம்மின் ரோமிங் திட்டம் இரண்டே நாளில் தீர்ந்துவிடும்.

ஸ்டார்லிங்க் மலேசியாவில் 2023 ஜூலை முதல் கிடைக்கிறது. சில வாடகை வேன்களில் அதுவும் உண்டு. ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். மரத்தடி நிழலில் நிறுத்தினால் உங்களுக்குச் சுகம், அதற்குச் சிரமம். மின்சாரமும் தின்னும்.

மாமாக் கடை வைஃபையில் உட்கார்ந்து தே தாரிக்கோடு மின்னஞ்சல் பார்க்கலாம். வாடிக்கையாளர் பெயரைச் சொல்லிச் சத்தமாகப் பேசும் கூட்டத்தை அங்கே வைக்காதீர்கள். பக்கத்து மேசைக்காரருக்கும் தமிழ் தெரியும், ஆங்கிலமும் தெரியும்.

எங்கே நிறுத்தித் தூங்குவது?

இதில் விளையாட்டு வேண்டாம்.

2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை, பத்தாங் காலியில் ஒரு முகாம் திடல்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வந்தவர்கள், சிறுவர்கள். கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திடலுக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

மலையடிவாரத்தில் அழகான இடம் கிடைத்தால் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது, முந்தின நாள்கள் மழை பெய்ததா, ஓடை எவ்வளவு கிட்டே ஓடுகிறது? உரிமம் இருக்கிறதா என்று திடல்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, "என்ன தம்பி, இன்ஸ்பெக்‌ஷனா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு உரிமத்தைக் காட்டினார்.

கிழக்குக் கரைக்குப் போவதென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிளந்தான், திரெங்கானு, பகாங்கில் வெள்ளம் வரும் காலம். கடற்கரையில் வேன் நிறுத்த அது சரியான நேரமல்ல.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். குளிரூட்டிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குபவர் எழுவதே இல்லை. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே அடுப்புப் பற்றவைக்காதீர்கள். மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். வேன் உரிமையாளர் தந்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குளியலறை, கழிப்பறைக்கு விரைவுச்சாலை ஓய்விடங்களும் பெட்ரோல் நிலையங்களும் போதும். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நால்வருக்கு ஒரு நாள்கூட வராது. அதை முகம் கழுவவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெரிக்கிலிருந்து ஜெலி வரை

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982இல் திறக்கப்பட்டது. பேராக்கில் கெரிக்கையும் கிளந்தானில் ஜெலியையும் காட்டு வழியாக இணைக்கும் 120 கிலோமீட்டர் சொச்சம். இடையில் தெமெங்கோர் ஏரி, பெலும் காடு. தீபகற்பத்திலேயே எனக்கு ஆகப் பிடித்த சாலை இதுதான். ஆக அதிகம் பயந்ததும் இதில்தான்.

2025 மே 11ஆம் தேதி அதிகாலை இங்கே ஒரு லாரி மோதி யானைக்குட்டி இறந்தது. லாரிக்கு அடியில் கிடந்த குட்டியைவிட்டு நகராமல் தாய் யானை வண்டியை முட்டி முட்டித் தள்ளிய காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அன்னையர் தினம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி, இதே சாலையில் பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் இறந்தனர்.

இரண்டும் இருட்டு நேரத்தில் நடந்தவை. இந்தச் சாலையைப் பகலில் கடக்க வேண்டும், வேலை இல்லாத நாளில் கடக்க வேண்டும். நெடுந்தூரம் சிக்னல் கிடையாது. கூட்டத்துக்கு நேரமாகிறது என்று ஓட்டுநரை அவசரப்படுத்த ஒருவரும் இருக்கக்கூடாது. நாங்கள் சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கெரிக்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஏறினோம். யானையைப் பார்க்கவில்லை, சாலையில் சாணம் மட்டும், புதுசாக.

தாண்டிப் போனால் வார நாள்களே மாறிவிடும். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வாரயிறுதி வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை கடற்கரை முழுக்கக் குடும்பங்கள், பட்டம், பிள்ளைகளின் கூச்சல். கூட்டத்தில் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள், நமக்கோ விடுமுறை. காலியான கடற்கரையில் நாங்கள் நால்வரும் ஒரு பூனையும்தான்.

நண்பர்கள் நண்பர்களாகவே திரும்பி வர

பணத்தை முன்கூட்டியே பேசுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வாடகை, எண்ணெய், டோல் எல்லாம் நாலாகப் பிரிப்பது சுலபம். சண்டை வருவது முன்பணத்தில். அது ஒருவருடைய கடனட்டையில் போகும். கீறல் விழுந்தால் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டியவர் கட்டுவதா, எல்லாரும் கட்டுவதா?

ஈப்போவில் கூரை கீறியதும் வேனுக்குள் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் கட்டுவேன் என்றேன். "நீ ஓட்டலேன்னா நாங்க எப்படி வந்திருப்போம்?" என்று ஒருவன் சொன்ன பிறகுதான் சரியானது. கீறலுக்குப் பிடித்த 600 ரிங்கிட்டை நாலாகப் பிரித்தோம். கிளம்பும் முன்பே எழுதிவைத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம்.

கூட்ட நேரங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். வேனுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் வெளியே, கூடார நிழலில். ஓடும் வேனில் கூட்டம் கிடையாது என்பது எங்கள் முதல் விதி. கோபுரம் மாறும்போது இணைப்பு அறும், திரையைப் பார்த்தால் குமட்டும்.

வடிவமைப்பாளர் தோழி மேலாளரின் கேள்விக்கு உண்மையைச் சொன்னாள். "மலேசியாவுல இருக்கேன். கேட்டிருக்கணும், மன்னிச்சிடுங்க." அன்று மதியம் மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளர் கோப்புகளைச் சிங்கப்பூருக்கு வெளியே திறக்கக்கூடாது என்று அவளுடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது, அவள் படித்ததில்லை. மீதி நாள்கள் சம்பளமில்லா விடுப்பு. அவளிடம் முழு உரிமம் இருந்ததால் அப்புறம் வழிநெடுக அவள்தான் அதிகம் ஓட்டினாள். நாங்கள் வேலை செய்யும்போது சமைத்தாள். இரவில் சில நேரம் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம்தான் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியது. எப்போதும் ஓராண்டுக்குப் புதுப்பிப்பார்கள். இந்தத் தடவை 3 மாதம்.

திரும்பி வரும் நாள்

வேனை ஒப்படைக்கும் நாளில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், உள்ளே துடைக்க வேண்டும், எண்ணெய் நிரப்ப வேண்டும். எடுக்கும்போது வேனைச் சுற்றி எடுத்த காணொளியைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமையாளருடன் சேர்ந்து மறுபடி ஒரு சுற்று பாருங்கள். கூரையையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்பாலத்தில் கூட்டம் அலைமோதும். முடிந்தால் காலையிலேயே ஒப்படைத்துவிட்டு, நண்பகலுக்குள் சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள். நாங்கள் மாலை 5 மணிக்கு வரிசையில் சேர்ந்தோம். உட்லண்ட்ஸ் வந்து இறங்கியபோது மணி 9.20. மறுநாள் காலை எனக்கு 6 மணி ஷிஃப்ட்.